பி.எஸ்.ஏ. இறங்கியது, பெல்ட் இறுகியது: புராஸ்டேட் சிகிச்சையில் இருக்கும் குமரி மாவட்டத்தாருக்கு ஓர் இதய வழிகாட்டி

புராஸ்டேட் புற்றின் போக்கை ரத்தத்தில் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு எனக்கு 64 இருந்தது. ஒன்பதே மாதத்தில் 0.3 ஆனது. அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி உண்ணியப்பம் சுட்டாள். அதே வாரத்தில்தான் ஆணியைச் சூடாக்கி என் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த 31 ஆண்டும் மூன்றாவது ஓட்டையைத் தாண்டாத இடுப்பு அது. "அண்ணாச்சி, உடம்பு நன்றாகத் தேறிவிட்டதே" என்று தெருவே சொன்னது. நானும் நம்பினேன். ஐந்து மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் ஆம்புலன்சில் போனேன். இதய ரத்தக்குழாயில், அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து அனுப்பினார்கள்.

நான் சிகிச்சை பெற்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் பி.எஸ்.ஏ. எண்ணைத்தான் பார்த்தார்கள். பத்து ஆண்டாக ரத்த அழுத்த மாத்திரை விழுங்குகிறவன் என்பதை யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. பாதித் தவறு என்னுடையது. மீதிப் பாதியை நீங்கள் தவிர்க்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நடந்தது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனின் தயவில் வளர்வது. இதற்குப் போடும் ஹார்மோன் ஊசி அந்த ஹார்மோனை அடக்குகிறது, நோயும் அடங்குகிறது. கூடவே தசை குறைந்து வயிற்றில் கொழுப்புச் சேர்கிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை உயர்கிறது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல், இந்த ஊசிகளின் விவரத்தாளில் சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு முதல் ஓராண்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நான் இன்றும் ஊசி போட்டுக்கொள்கிறேன். நான் மருத்துவனும் அல்ல. எந்த மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எதைக் கேட்பது, எந்தத் தாளோடு போவது, எப்போது போவது என்பதற்கு மட்டுமே இந்தக் கட்டுரை.

1. மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள்

"ஹார்மோன் ஊசி போடுகிறார்கள்" என்று இதய மருத்துவரிடம் போய்ச் சொன்னால் அவருக்கு அது போதாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, முதல் ஊசி போட்ட தேதி ஆகிய நான்கும் வேண்டும்.

லியூப்ரோலைட், கோசெரலின், டிரிப்டோரெலின் ஆகியவை ஒரு வகை ஊசிகள். டெகரெலிக்ஸ் வேறு வகை. அது 28 நாளுக்கு ஒருமுறை போடுவது. அபிராட்டெரோன், என்சலூட்டமைட் ஆகியவை ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரைகள். இரண்டுமே ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அபிராட்டெரோன் கூடுதலாக ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும், உடலில் நீர் கோக்க வைக்கும். ஊசிக்குப் பதிலாக விரைகளை அகற்றும் அறுவையைச் செய்துகொண்டவர்கள், "எனக்குத்தான் ஊசி இல்லையே" என்று இந்தக் கட்டுரையை மூடிவிட வேண்டாம். ஹார்மோன் அங்கேயும் இல்லை. பரிசோதனைகள் எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

நாள் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 28 நாள் ஊசி என்றால் 28 நாள்தான். "மாதம் ஒருமுறை" என்று எண்ணி 31 ஆக்காதீர்கள். 12 வார ஊசி என்றால் 84 நாள். என் வீட்டு நாள்காட்டியில் ஊசி நாளைச் சிவப்பிலும், அதற்கு ஒரு வாரம் முந்தைய நாளைப் பச்சையிலும் வட்டமிட்டிருக்கிறேன். பச்சை நாள், ரத்தப் பரிசோதனைக்கு.

2. முதல் ஊசிக்கு முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள்

ஊசி தொடங்கும் முன் உடம்பு எப்படி இருந்தது என்று காட்டும் எண்கள் இல்லாவிட்டால், பிறகு எது மருந்தால் வந்தது, எது முன்பே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அப்படித்தான் ஆனது. அதிர்ஷ்டவசமாக ஓய்வுபெறும் முன் எடுத்த பழைய பரிசோதனைத் தாள் ஒன்று பீரோவில் கிடந்தது. அதில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.1. ஸ்டென்ட் வைத்த வாரத்தில் 7.9. அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இதய மருத்துவர் என் ஊசியைப் பற்றியே விசாரித்தார்.

முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர் மட்டும். பால் இல்லாத கட்டன் சாயாகூட வேண்டாம். ஏழரைக்கு ஆய்வகத்தில் இருந்தால் எட்டரைக்குள் தோசைக்கு வந்துவிடலாம். எடுக்க வேண்டியவை:

வெறும் வயிற்றுச் சர்க்கரையும், எச்.பி.ஏ.1சியும். எச்.பி.ஏ.1சி 5.7க்குக் கீழே இயல்பு, 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 என்றால் சர்க்கரை நோய்.

கொழுப்பு வகைகளைப் பிரித்துக் காட்டும் லிப்பிட் பரிசோதனை. "மொத்தக் கொழுப்பு" என்ற ஓர் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்; கெட்ட கொழுப்பான எல்.டி.எல். தனியாக வேண்டும்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், கல்லீரல் பரிசோதனை. ஹார்மோன் சிகிச்சையில் ஹீமோகுளோபின் சற்று இறங்குவது வழக்கம். பிறகு மூச்சு வாங்கும்போது அது ரத்தக் குறைவாலா, இதயத்தாலா என்று பிரித்துப் பார்க்க இந்த எண் உதவும்.

ஈ.சி.ஜி. இது மாரடைப்புக்காக மட்டுமல்ல. இந்தச் சிகிச்சை இதயத்தின் மின் துடிப்பில் க்யூ.டி. என்னும் இடைவெளியை நீட்டக்கூடும். அது அளவுக்கு மீறினால் துடிப்பு தாறுமாறாகலாம். எனவே முன்பு ஒன்று, பின்பு ஒன்று.

ரத்த அழுத்தம், எடை, தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு. கடைசி அளவைத் தையல் நாடா கொண்டு வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆனால் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். என் பெல்ட் ஒன்பது மாதமாகச் சொன்னதை நான் கேட்கவில்லை.

முன்பே மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், கால் வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தவர்கள் இதயத்தை ஸ்கேனில் பார்க்கும் எக்கோவையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவு: தனியார் ஆய்வகத்தில் எனக்கு ரத்தப் பரிசோதனைகளும் ஈ.சி.ஜி.யும் சேர்ந்து சுமார் 2,000 ரூபாய், எக்கோ தனியாக 1,500 ரூபாய் ஆனது. கடைக்குக் கடை மாறும். இரண்டு இடத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அரசு மருத்துவமனையில் இந்தச் செலவு இல்லை. நாகர்கோவில், தோவாளைப் பக்கத்தார் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கல்குளத்தாருக்குத் தக்கலையிலும், விளவங்கோட்டாருக்குக் குழித்துறையிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நில்லுங்கள். பத்தரை மணிக்குப் போய்விட்டு "கூட்டம், கூட்டம்" என்று புலம்பிப் பயனில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மட்டும் பார்க்க உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

3. ஒரே கோப்பு, முதல் பக்கத்தில் ஒரே தாள்

பிளாஸ்டிக் உறை வைத்த கோப்பு ஒன்று வாங்குங்கள். உள்ளே இந்த வரிசையில்: சதை எடுத்துச் சோதித்த பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன் அறிக்கைகள், பி.எஸ்.ஏ. தாள்கள், ஊசி போட்ட சீட்டுகள், ஈ.சி.ஜி., எக்கோ, டிஸ்சார்ஜ் சம்மரி. ஸ்டென்ட் வைத்தவர்கள் அதற்குக் கொடுக்கும் அட்டையையும் சேருங்கள். ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை நகல்கள் இரண்டு தொகுதி பின்பக்கத்தில் இருக்கட்டும்.

ஈ.சி.ஜி. தாளுக்குத் தனி எச்சரிக்கை. அது வெப்பத்தில் அச்சாகும் தாள். பேருந்து டிக்கெட் சட்டைப்பையில் வெளுத்துப்போவதைப் போல இதுவும் சில மாதங்களில் வெளுத்துவிடும். எடுத்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள். லேமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். சூடு பட்டு முழுதும் கறுத்துப்போகும். என் மைத்துனர் பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருந்த ஈ.சி.ஜி. இப்போது ஒரு கறுப்பு அட்டை.

கோப்பின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாள். பணியில் இருந்தபோது டிக்கெட் கணக்குத் தாளான வே-பில்லைத் தினமும் எழுதிய கை என்பதால் கட்டம் போடுவது எனக்குச் சிரமமில்லை. தேதி, பி.எஸ்.ஏ., ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை, எல்.டி.எல்., பொட்டாசியம் என்று ஏழு கட்டம். கீழே இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், நேரத்தோடு. மருத்துவர் எண்பது பக்கக் கோப்பைப் புரட்டமாட்டார். இந்த ஒரு தாளைக் கட்டாயம் பார்ப்பார். நான் பார்த்தவரை பார்த்தார்கள்.

4. இரண்டு மருத்துவர்களையும் நீங்கள்தான் இணைக்க வேண்டும்

நம் மாவட்டத்தில் புற்றுநோய்க்கு ஒரு பக்கம், இதயத்துக்கு ஒரு பக்கம் என்றுதான் ஓடுகிறோம். புற்றுநோய்க்கு நெய்யூருக்குப் போகிறவர்கள் உண்டு, திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கே ஆர்.சி.சி.யும் இதய சிகிச்சைக்குப் பெயர்போன ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் ஒரே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கின்றன. வளாகம் ஒன்று என்பதற்காகக் கோப்பு தானாக நடந்து போகாது. புற்றுநோய் மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு நீங்கள்தான் போக வேண்டும். மலையாளம் நம் மேற்குப் பகுதி ஆட்களுக்கு ஒரு தடையே இல்லை. மற்றவர்கள் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கடிதத்தில் நோயின் நிலை, தரப்போகும் மருந்து, எத்தனை காலம் என்ற மூன்றும் இருந்தால் போதும். இதய மருத்துவரிடம் கேளுங்கள்: "இந்தச் சிகிச்சை தொடங்க என் இதயம் தயாரா? ரத்த அழுத்தமும் எல்.டி.எல்.லும் எந்த அளவுக்குக் கீழே இருக்க வேண்டும்? கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டுமா?" பதிலை எண்ணாக எழுதி வாங்குங்கள். எனக்கு ரத்த அழுத்தம் 130/80க்குள், எல்.டி.எல். 55க்குக் கீழே என்று எழுதித் தந்தார். "கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னால் வீட்டுக்கு வந்ததும் அது காற்றோடு போய்விடும்.

புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி: "எனக்கு இதய நோய் இருக்கிறது; ஊசியின் வகையை மாற்றிப் பார்க்கலாமா?" இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ரெலுகோலிக்ஸ் என்ற மாத்திரையை லியூப்ரோலைட் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. அதில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.9 சதவீதம், ஊசி போட்டவர்களில் 6.2 சதவீதம். டெகரெலிக்ஸ் ஊசியை லியூப்ரோலைட்டோடு ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு 2021இல் வந்தது. அதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே "புதிய மருந்துதான் இதயத்துக்கு நல்லது" என்று சண்டை போடப் போகாதீர்கள். கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். என் மருத்துவர் பழைய ஊசியையே தொடரச் சொன்னார், காரணத்தையும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் கவனிக்க: பயாப்ஸிக்கோ பல் பிடுங்கவோ ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், நிறுத்தும் முன் இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டென்டுக்காகத் தரும் இரண்டு மாத்திரையில் எதை, எத்தனை நாள் நிறுத்தலாம் என்று அவர் சொல்ல வேண்டும். நீங்களாகவும் நிறுத்த வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியும் நிறுத்த வேண்டாம்.

5. பணமும் அட்டையும்

என் ஓய்வூதியம் வருமான வரம்பைத் தாண்டுவதால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எனக்குக் கிடையாது. கையில் இருந்தது போனது. ஆனால் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் மைத்துனருக்கும் இதே நோய் வந்தபோது அட்டைக்காக நான்தான் அலைந்தேன். அதனால் வழி தெரியும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, குடும்பத்தினர் அனைவரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவை வேண்டும். அட்டை பதிவு செய்யும் மையம் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மைத்துனருக்கு நாங்கள் மூன்று முறை போனோம். முதல் முறை வருமானச் சான்று இல்லை. இரண்டாம் முறை ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறு எழுத்து. நம் மாவட்டத்தில் இது பெரிய தலைவலி: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் அப்பா பெயர் சேர்ந்து இன்னொன்று. நோய் என்று தெரிந்த அன்றே எல்லா ஆவணங்களிலும் எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வாரங்கள் ஆகலாம். ஊசி அதுவரை காத்திருக்காது.

அட்டை கையில் வந்தால் போதாது. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன் அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சை. முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எல்லை தாண்டிப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே அங்கே இந்த அட்டை செல்லுமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஆஞ்சியோ, ஸ்டென்ட் தேவைப்பட்டால் அதற்குத் தனி அனுமதி. புற்றுநோய்க்கு வாங்கியது அதற்கு உதவாது.

ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்கு மாதாமாதம் கடையில் கொட்ட வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அபிராட்டெரோன் போன்றவற்றை ஒரே மருந்து, வேறு வேறு நிறுவனம் என்று பல விலையில் விற்கிறார்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டு விலை குறைந்ததை வாங்குங்கள்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு: இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம், படுக்கை வகுப்பில் முழுவதும். கூட வருபவருக்கும் 75 சதவீதம். மருத்துவமனை தரும் சான்று வேண்டும்; நிலையக் கவுன்டரில் காட்ட வேண்டும். இதைப் பேருந்து நடத்துநர் எழுதுகிறேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வருமான வரி கட்டுகிறவர்கள் பழைய வரி முறையில் இருந்தால் இந்த நோயின் சிகிச்சைச் செலவுக்காக (1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80டிடிபி பிரிவு) மூத்த குடிமக்கள் 1 லட்சம் ரூபாய் வரை கழிவு கேட்கலாம். புற்றுநோய் மருத்துவரின் சான்றும் பில்களும் பத்திரம்.

6. ஊசி தொடங்கிய பின் எப்போது என்ன

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்குங்கள், மேல் கையில் கட்டுவது. எனக்கு 1,800 ரூபாய் ஆனது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். மாடி ஏறி வந்த உடனே பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு முறை. எடை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில்.

மூன்றாம் மாதம் சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. மீண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இதய மருத்துவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது. கோளாறு இருந்தால் அவர் சொல்லும் கணக்கு.

அபிராட்டெரோன் சாப்பிடுகிறவர்களுக்கு இது போதாது. ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் மாதம் ஒருமுறை கட்டாயம். கல்லீரல் பரிசோதனை முதல் மூன்று மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏற்றம், தசை தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.

இந்த மாத்திரைக்கு நேரக் கணக்கும் உண்டு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், விழுங்கிய பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. கூடவே தரும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோனோ உணவோடு சாப்பிட வேண்டியது. இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டு இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் முதலாவதைக் காலை ஐந்தரைக்கும், இரண்டாவதை ஏழு மணி இட்லியோடும் எடுக்கிறேன். பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அது மதியத்துக்கு மேல் சர்க்கரையை ஏற்றும் மருந்து. காலை வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

7. மருந்துக் கடையில் இருக்கும் பொறிகள்

இந்தப் பகுதியை வெட்கப்படாமல் படியுங்கள். ஹார்மோன் சிகிச்சையில் ஆண்மைக் குறைவு வரும். கடையில் கேட்டு சில்டெனாஃபில் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ, நைட்ரேட் வகை எதுவுமோ எடுப்பவர் இதைத் தொட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் தினமும் கேட்கும் கேள்விதான் அது.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்காதீர்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்துக்கும் நல்லதல்ல. எலும்பில் நோய் இருப்பவருக்கு வலி வந்தால் அது சொல்லப்பட வேண்டிய செய்தி, மறைக்கப்பட வேண்டியதல்ல.

சளிக்கு அசித்ரோமைசின், சிறுநீர்த் தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசின், குமட்டலுக்கு ஓன்டான்செட்ரான், டாம்பெரிடோன்: இவை எல்லாம் முன்பு சொன்ன க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியவை. எழுதும் மருத்துவரிடம் "நான் ஹார்மோன் ஊசியில் இருக்கிறேன்" என்ற ஒரு வரியைச் சொல்லுங்கள்.

கால் வீக்கத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் எழுதினால், அபிராட்டெரோன் சாப்பிடுவதை நினைவுபடுத்துங்கள். அந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை, மாற்று உண்டு. என்சலூட்டமைட் சாப்பிடுகிறவர்கள் வார்ஃபரின் போன்ற ரத்தம் இளக்கிகளையும் சில கொழுப்பு மாத்திரைகளையும் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும்.

சிறுநீர் எளிதாகப் போகத் தரும் டாம்சுலோசின், எழும்போது தலைசுற்ற வைக்கும். இரவில் கழிவறைக்கு எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நில்லுங்கள்.

கடைசியாக நாட்டு மருந்து. வைத்தியம் பழகிய மண் நம்முடையது. நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். இருமல் லேகியத்திலும் சூரணத்திலும் அது இருக்கும். அபிராட்டெரோன் அதே வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. வைத்தியரிடம் என்ன மருந்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

8. சாப்பாடும் நடையும்

மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் கறியும் விட்டுவிடச் சொன்னால் பாதிப் பேர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடுவார்கள். மீனை விட வேண்டாம். சாளையும் அயிலையும் தாராளமாகச் சாப்பிடலாம். மரச்சீனியின் அளவுதான் கணக்கு: ஒரு தட்டு என்பது மூன்று துண்டாகட்டும். கறியில் தேங்காயைப் பாதியாக்குங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் உப்பு மூட்டை. கருப்பட்டியும் சர்க்கரைதான், "கருப்பட்டிக் காப்பி ஒன்றும் செய்யாது" என்று சொல்லி நாளுக்கு நான்கு குடித்தவன் நான். பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவற்றைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது.

நடை வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள், அரை மணி. தசை கரைவதைத் தடுக்க வாரம் இரண்டு நாள் வலுப் பயிற்சியும் வேண்டும். கையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வதே நல்ல தொடக்கம். எலும்புக்குப் பரவியவர்கள் எடை தூக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது; மழை நாளில் வீட்டுத் திண்ணையிலேயே நான் நடப்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் டிக்கெட் கேட்கிறார்கள்.

9. நெஞ்சு இறுக்கினால்

ஊசி போடுகிறவர்களுக்குத் திடீர் திடீரென்று உடல் சூடாகி வியர்க்கும். முகம் சிவக்கும், சில நிமிடத்தில் போய்விடும். பதினான்கு மாதம் அதோடு பழகிவிட்டதால் அன்று இரவு வந்த வியர்வையும் அதுதான் என்று நினைத்தேன். நெஞ்சில் கனத்தது; வாயு என்று சொல்லிச் சுக்குக் காப்பி போடச் சொன்னேன். அதைக் குடித்து, ஏப்பத்துக்குக் காத்திருந்து, முக்கால் மணி நேரம் வீணானது. அந்த வியர்வை சூடாக இல்லை, குளிர்ந்திருந்தது. இடது தோளும் தாடையும் கனத்தன. இந்த வித்தியாசத்தை உங்கள் வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்; அந்த நேரத்தில் நோயாளியின் பேச்சை நம்பக்கூடாது.

உடனே 108. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம். தூரத்து ஊர்க்காரர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மறக்க வேண்டாம். இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கே முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

கோப்பை வாசல் பக்கத்து அலமாரியில் வையுங்கள். ஆம்புலன்சில் ஏறும்போது மருந்துத் தாள் கூட வர வேண்டும். வீடு எங்கே என்று சொல்லக் கோயிலோ குருசடியோ ஓர் அடையாளத்தை முன்பே எழுதி தொலைபேசி அருகில் ஒட்டுங்கள். கேட்டின் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும். அன்று இரவு ஆம்புலன்ஸ் வெளியே நிற்க, என் வீட்டில் அந்தச் சாவியைத் தேடவே ஏழு நிமிடம் ஆனது.